தலையில் வெட்டு இல்லாத ஸ்க்ரூ

1. ஒரு பெட்டி, இரண்டு பெஞ்சு

ஒரு அட்டைப் பெட்டியின் இந்தப் பக்கத்தை நானும் அந்தப் பக்கத்தை முனுசாமி ஆசாரியும் பிடித்து இழுத்ததில் பெட்டி கிழிந்து, சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள் பட்டறைத் தரை முழுக்க உருண்டன. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ என்ற சரக்கை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், தரையில் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் நான் தகர வேலைக்காரன். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை. இஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள சேசிஸ் ஹார்பரில் இறங்கி, ராயபுரம் வழியாக எங்களிடம் வரும். கட்டைச் சட்டம் போடுவது ஆசாரி பெஞ்சின் வேலை. கூரைக்கு இரும்புத் தகட்டில் வளைவு மடித்து, அதன் மேல் தகரம் போர்த்துவது எங்கள் பெஞ்சின் வேலை.

யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று பட்டறையில் இருந்தது. ரிவிட்டு தகர பெஞ்சைச் சேர்ந்தது. ஸ்க்ரூ மர பெஞ்சைச் சேர்ந்தது. நான் தப்பித்தவறி ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்தால் அந்தப் பக்கம் வாள் அறுப்பது நின்றுவிடும். ஆசாரி ரிவிட்டு டப்பாவைத் தொட்டால் நாங்கள் தொண்டையைக் கனைப்போம். தகரத்தில் போகிற ஸ்க்ரூ என்று ஒன்று உலகத்தில் வரும் என்று எவனும் நினைக்கவில்லை. அதனால் அது வந்த அன்று அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி நாயுடு அதை பிராட்வேயில் ஒரு இறக்குமதிக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். புதுச் சரக்கு எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார்.

"அமெரிக்கா மால்டா இது! ரிவிட்டு அடிக்க உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன்னு ரெண்டு ஆளு வேணாம். ஒரே ஆளு வெளிய நின்னுகினு திருப்பினா போதும். அதுவே மரை வெட்டிக்கினு உள்ள பூடும்" என்றார்.

"ஸ்க்ரூன்னா அது எங்க பெஞ்சு மொதலாளி" என்றார் ஆசாரி.

"தகரத்துல போறது எதுவா இருந்தாலும் எங்க பெஞ்சு" என்றேன் நான்.

அதற்குப் பிறகுதான் பெட்டி கிழிந்தது. நாயுடு தலையில் அடித்துக்கொண்டு, பொறுக்கியதை இரண்டு குவியலாகப் பிரித்தார். கூரையின் வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் ஆசாரிக்கு. "எவன் சைடு சத்தம் போடாம நிக்குதோ அவன்தான் இனிமே மேஸ்திரி. ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன பழைய மேஸ்திரி திரும்பி வரப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆசாரிக்கு மேஸ்திரி பட்டம் கௌரவம். எனக்கு அது கல்யாணம். ஹார்பரில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியம் மாமாவிடம் அவர் மகள் பிலோமினாவைக் கேட்டிருந்தேன். அவர் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் பதில் சொன்னார்: "வெறும் தகரக்காரனுக்கு எம்பொண்ணு இல்லடா சவரி. மேஸ்திரி ஆயிட்டு வா." தவக்காலம் முடிந்ததும் பேசி முடிக்கலாம் என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை வேறு காத்திருந்தான். ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பிலோமினா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். ஆயிற்றா என்று அர்த்தம்.

2. முக்கால் சுத்தி, கால் திருப்புளி

பொறுக்கும்போது நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே படம். யாரும் பார்க்கவில்லை. எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கும் முன்பே என் கைச் சாமர்த்தியத்தைக் காட்டப் போய்க் கெடுத்தேன். என்னிடம் ஒரு டேப் இருந்தது. ஓட்டைக்குள் மரை, அதாவது திருகுச் சுற்று, வெட்டுகிற கருவி. பட்டறையில் அந்தச் சின்ன சைஸில் அது ஒன்றுதான். எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பேன். இரும்பில் எதைத் திருகுவதானாலும் முதலில் டேப் அடித்து மரை வெட்ட வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஓட்டை போட்டேன், டேப் அடித்தேன், ஸ்க்ரூவை வைத்துத் திருப்பினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. பிடிப்பே இல்லை. மரை போதவில்லை என்று நினைத்து டேப்பை மறுபடி விட்டு அழுத்தினேன். டக்கென்று முறிந்து பாதி உள்ளே நின்றது. என் சொத்தில் பாதி போன மாதிரி இருந்தது.

பிறகுதான் படத்தைப் பார்த்தேன். ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு திருப்புளி. டேப் படத்திலேயே இல்லை. விஷயம் புரிந்தது. இந்த ஸ்க்ரூவே ஒரு டேப். பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் ஏற்றிக் கெட்டியாக்கிய இரும்பு. அதுவே தகரத்தில் வழி வெட்டிக்கொண்டு போகும். அதற்கு நாம் மரியாதையாக ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டுக் கொடுத்தால் போதும்.

அந்த ஓட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்கு ஓட்டை இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை அளவுக்கு இருக்கக் கூடாது. பெரிதாகப் போட்டால் பிடிக்காது. சிறிதாகப் போட்டால் பாதி வழியில் தலை முறிந்து கையோடு வரும். திருப்பும்போது நேராக நின்று மேலிருந்து அழுத்த வேண்டும். தலை தகரத்தில் போய் உட்கார்ந்ததும் மணிக்கட்டுக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று என்று ஆசைப்பட்டால் மரை செத்துவிடும். காற்றில் சுழலும் திருப்புளித் துப்பாக்கி வைத்து ட்ர்ர் என்று ஏற்றுகிற இன்றைய பிள்ளைகளும் பாதிப் பேர் இந்த அரைச் சுற்றில்தான் கெடுக்கிறார்கள்.

இவ்வளவும் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன். ஆசாரிக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் செய்த வேடிக்கையை எப்படி விடுவது?

எங்கள் பக்கத்து ஆசாரிமார் மரத்தில் ஸ்க்ரூ ஏற்றும் முறை ஒன்று உண்டு. முக்கால் பங்கு சுத்தியால் அடித்து இறக்குவார்கள். கடைசிக் கால் பங்கை மட்டும் திருப்புளியால் திருப்பி, மேலே ஒரு தட்டுத் தட்டி, பார்க்கிறவர்களுக்கு முழுக்கத் திருப்பிய மாதிரி காட்டுவார்கள். முனுசாமி ஆசாரியும் அதைத்தான் செய்தார். தகரத்தில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். தகரம் குழிந்தது, ஓட்டை நாலு பக்கமும் கிழிந்தது, ஸ்க்ரூ வாசல் திறந்த வீட்டுக்குள் போகிறவன் மாதிரி உள்ளே விழுந்தது. திருப்பினால் சும்மா சுற்றியது.

நான் வலப்பக்கக் கூரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே, "இன்னும் பலமா போடு ஆசாரி. புது மாலு பாரு, வெக்கப்படுது" என்றேன்.

"தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்று அவர் இன்னும் பலமாகப் போட்டார்.

சாயங்காலம் நாயுடு வந்து வண்டியைப் பிடித்துக் குலுக்கினார். வலப்பக்கம் மூச்சுக் காட்டவில்லை. இடப்பக்கம் கடலை டப்பா மாதிரி லொடலொட என்றது. நாயுடு சிரித்துவிட்டார். "அதையும் நீயே போட்டுடு சவரி. நாலு நாள்ல வண்டியப் பாக்க போலீஸ் சார்ஜண்ட் வராரு. பாஸாகட்டும், நீதான் மேஸ்திரி."

அந்த நாலு நாள் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஆசாரி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுத்தியால் பெஞ்சில் டொக் டொக் என்று தட்டுவேன். சாப்பிட உட்கார்ந்தால், "ஆசாரி, சோத்தயும் சுத்தியால அடிச்சி எறக்கணுமா?" என்று கேட்பேன். மொத்தப் பட்டறையும் சிரிக்கும். அவர் எனக்குப் பத்து வயது மூத்தவர். ஒரு நாளும் பதிலுக்குக் கத்தவில்லை.

"சிரி நைனா, சிரி" என்பார். அவ்வளவுதான்.

3. பித்தளைத் தகடு

சார்ஜண்ட் வருகிற நாள் காலை ஏழு மணிக்கு நாயுடு அரக்கப் பரக்க வந்தார். வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று வெட்டிய சின்னப் பித்தளைத் தகடு அப்போதுதான் கைக்கு வந்ததாம். அதை டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள தடித்த வார்ப்பிரும்புத் தாங்கியில் பதிக்க வேண்டும். தகடு இல்லாவிட்டால் சார்ஜண்ட் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் அவர் எப்போது வருவாரோ, அதற்குள் பாஸ்கா வந்து ரயில்வே மாப்பிள்ளையும் வந்துவிடுவான்.

"பத்து மணிக்கு வந்துருவாரு. தகட்டோட கடைக்காரன் இதையும் குடுத்தான்" என்று ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

பிரித்தேன். அதுவும் நம் ஸ்க்ரூ மாதிரியேதான் இருந்தது. மரை கொஞ்சம் சாய்ந்து நீண்டிருந்தது. தலையைப் பார்த்தேன். உருண்டையாக, வழவழ என்று இருந்தது. திருப்புளி வைக்க வெட்டு இல்லை. அடுத்ததை எடுத்தேன். அதிலும் இல்லை. ஒரு பொட்டலம் முழுக்க ஒன்றிலும் வெட்டு இல்லை.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மொதலாளி. வெட்டு போட மறந்துபோன கழிவு மாலைத் தலையில கட்டிட்டான்" என்றேன்.

"நீதான ஸ்க்ரூ எக்ஸ்பர்ட்டு? எதுனா செய்" என்று சொல்லிவிட்டு, சார்ஜண்டுக்கு டீ ஏற்பாடு பண்ணப் போய்விட்டார்.

பட்டறைப் பழக்கப்படி செய்வதென்றால் தாங்கியில் ஓட்டை போட்டு, டேப் அடித்து, போல்ட் ஏற்ற வேண்டும். அந்த சைஸ் டேப் முறிந்து துணிக்குள் கிடந்தது. நம் பழைய கூர்முனை ஸ்க்ரூவைப் போட்டுப் பார்த்தேன். தகரத்தில் ராஜா மாதிரி போனது, தடித்த வார்ப்பிரும்பில் இரண்டு சுற்றில் தலை முறிந்து விழுந்தது. சரி, வெட்டு இல்லாவிட்டால் நாமே வெட்டிக்கொள்வோம் என்று இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து அந்த உருண்டைத் தலையில் அறுக்க ஆரம்பித்தேன். தலையில் ஒரு கீறல் விழவில்லை. பிளேடின் பல்தான் தேய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று பிளேடு. மணி எட்டே முக்கால்.

நாலு நாள் நான் சிரிக்கவைத்த பட்டறை இப்போது தானாகவே சிரித்தது. ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் நின்று, ஒரு வெட்டில்லாத ஸ்க்ரூவை விரலில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பிளேடு வாங்கி வர பக்கத்துப் பட்டறைக்கு ஓடினேன்.

4. வெற்றிலைப் பெட்டி

பிளேடு கிடைக்கவில்லை. திரும்பி வந்து, ஒரு வெற்றிலையாவது போடலாம் என்று என் பெட்டியைத் தேடினேன். கையால் சுற்றும் டிரில்லிங் மெஷினின் இரும்புப் பாதத்தின் மேல்தான் அது எப்போதும் இருக்கும். இருந்தது. எடுத்தேன். வரவில்லை.

இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை மெஷினில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். மெஷின்தான் கிரீச்சிட்டது. எனக்குப் பின்னால் மொத்தப் பட்டறையும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"யார்ரா இது?" என்று கத்தினேன்.

"இன்னா நைனா, பொட்டி வரலியா?" என்றார் ஆசாரி. கையில் சுத்தியல். "சோத்த சுத்தியால எறக்கணுமான்னு கேட்டியே. சோத்த எறக்க முடியல. வெத்தலய எறக்கிட்டேன்."

மூடியைத் திறந்தேன். வெற்றிலைகளை விலக்கினேன். அடியில், பெட்டியைத் துளைத்துக்கொண்டு, ஒரு உருண்டைத் தலை பளபள என்று உட்கார்ந்திருந்தது. வெட்டில்லாத ஸ்க்ரூ. அன்று காலை டிரில் பிட்டைச் சோதிக்க அந்த இரும்புப் பாதத்தில் நானே ஒரு ஓட்டை போட்டிருந்தேன். அதே ஓட்டையில் ஆசாரி அடித்து இறக்கியிருந்தார். குறடு போட்டுத் திருகினேன். உருண்டைத் தலையில் குறடு வழுக்கியது. நெம்பினேன். நெம்புகோல்தான் வளைந்தது. அது பிறந்ததே அங்கேதான் என்பது போல நின்றது.

அப்போதுதான் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். நான் திருடிய அதே காகிதம். படம் பார்த்து முடித்ததும் வெற்றிலைக்கு அடியில் போட்டிருந்தேன். ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மறுபக்கம் மேலே இருந்தது. சுண்ணாம்புக் கறையைக் கட்டைவிரலால் துடைத்தேன். அங்கே ஒரு படம். தடித்த இரும்பு, அதில் ஒரு ஓட்டை, அதன் மேல் உருண்டைத் தலை ஸ்க்ரூ. அதற்கு மேலே, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், ஒரு சுத்தியல்.

எனக்குக் காது வரை சூடேறியது. அந்தச் சரக்குக்கு வெட்டே தேவையில்லை. அதை அடிக்கத்தான் வேண்டும். அடிக்க அடிக்க அதன் சாய்ந்த மரை தானே சுற்றிக்கொண்டு வார்ப்பிரும்பில் கடித்துப் பிடிக்கும். ஒரு முறை இறங்கினால் வெளியே வராது. நாலு நாளாக நான் எதைச் சொல்லிச் சிரித்தேனோ அதுதான் இதற்கு முறை.

யோசிக்க நேரமில்லை. தாங்கியில் அதே பிட்டால் நாலு ஓட்டை போட்டேன். தகட்டை வைத்தேன். என் சுத்தியல் எங்கே என்று தேடினேன். ஆசாரி தன்னுடையதை நீட்டினார். நாலு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் மூன்று போடு. முடிந்தது. வெளியே சார்ஜண்டின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

5. யார் கண்டுபிடித்தது

சார்ஜண்ட் வண்டியைச் சுற்றி வந்தார். கூரையைக் குலுக்கினார். கடைசியில் தகட்டின் ஓரத்தில் தன் பேனாக்கத்தியை விட்டு நெம்பிப் பார்த்தார். கத்தி முனை வளைந்தது.

"குட். நல்லா புடிச்சிருக்கு மேன். யாரு அடிச்சது?" என்றார்.

"நம்ம சவரிமுத்துதான் சார். பட்டறைக்கே இனிமே இவன்தான் மேஸ்திரி" என்று நாயுடு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

பொய் இல்லை. நான்தான் அடித்தேன். அதோடு, ஆசாரிக்கு அந்த ஸ்க்ரூ எதற்கு என்று தெரியாது. அவர் எனக்குத் தொல்லை கொடுக்க அடித்தார், விஷயத்தைப் புரிந்துகொண்டவன் நான். இப்படியெல்லாம் எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தேன். பிலோமினாவின் புருவம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆசாரி என்னை முறைக்கக்கூட இல்லை. தன் உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். அதுதான் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

சார்ஜண்ட் போனதும் நாயுடுவிடம் சொல்லிவிட்டேன். காகிதத்தை ஒளித்தது, ஆசாரியை வேண்டுமென்றே தப்பாக அடிக்கவிட்டது, பிளேடு தேய்ந்தது, பெட்டி ஒட்டிக்கொண்டது, எல்லாம். "இத மொதல்ல எறக்கினது ஆசாரிதான் மொதலாளி. நான் அவரப் பாத்துதான் அடிச்சேன்."

நாயுடு போய் என் வெற்றிலைப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப ஆசாரிதான் மேஸ்திரி. உனுக்கு பேப்பர ஒளிச்சதுக்கு தண்டன, இனிமே வர்ற ஒவ்வொரு பொட்டி பேப்பரையும் யாராவது ஒருத்தர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீ சொல்லணும்" என்றார்.

தொழிலில் நான் கற்ற பாடம் அந்தத் தண்டனைதான். பெட்டியோடு வருகிற காகிதத்தை இரண்டு பக்கமும் படியுங்கள். தலையில் வெட்டு இருந்தால் திருப்புங்கள். வெட்டு இல்லாவிட்டால் அடியுங்கள். எதையும் பார்ப்பதற்கு முன் கழிவு மால் என்று சொல்லிவிடாதீர்கள்.

என் கல்யாணம் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிறு சாயங்காலம் புது மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னை ஆரோக்கியம் மாமா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

மாமா பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆசாரியைப் பார்த்தார். "மேஸ்திரிக்குத்தான் பொண்ணுன்னு சொன்னேன். இப்ப இன்னா பண்றது? உனுக்கா குடுக்கறது?"

"எங்க வூட்ல ஒத்துக்க மாட்டா" என்றார் ஆசாரி. "வாய மூடிகினு இருந்தா இவன்தான் மேஸ்திரி. கையில வந்தத இவனே வுட்டுட்டான். இப்பிடி ஒரு பைத்தியத்த வுட்டுட்டு ரயில்வேல போயி தேடுறியே."

மாமா உள்ளே பார்த்தார். உள்ளே யாருடைய புருவம் என்ன சொல்லியதோ எனக்குத் தெரியவில்லை. "சரி, பாஸ்கா முடியட்டும்" என்றார்.

கல்யாணத்தன்று ஆசாரி தேக்குப் பிடி போட்ட ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நேராக மணப்பெண்ணிடம் போனார்.

"அம்மாடி, இவன் தலயில வெட்டு கெடையாது. திருப்பி வழிக்குக் கொண்டாரலாம்னு பாக்காத. தட்டித்தான் எறக்கணும்."

அந்தச் சுத்தியலால் அவள் இத்தனை வருஷமும் தேங்காய்தான் உடைத்திருக்கிறாள். நேற்று நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அதைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

"இன்னாங்க, கண்டுபிடிச்சது ஆசாரிதான்னு எழுதினீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன்.